ஏழு குன்றுகளும் ஒரு பச்சை அட்டையும்

(நமது சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் 1983-ஆம் ஆண்டு இயந்திரவியல் பிரிவு முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



செயலாளர் போன மாதம் எனக்குப் போன் செய்து, "நீ வெளிநாடு போய் வந்தியே, அதைப் பத்திப் பேசு, இருபது நிமிஷம்" என்றார். நான் வெளிநாட்டில் வேலை பார்த்தவன் அல்ல. முப்பத்தைந்து வருடம் பஸ் டிப்போக்களில் கிரீஸும் டீசலுமாக இருந்துவிட்டு 2019-இல் ஓய்வு பெற்றவன். என் மகள் ஆராய்ச்சிக்காக லிஸ்பன் நகரத்தில் இருக்கிறாள். 2025 மார்ச் நடுவில் நானும் என் மனைவியும் அங்கே போய், விசாவில் கொடுத்த தொண்ணூறு நாளை முழுசாகக் கழித்துவிட்டு வந்தோம். மகள் காலையில் ஆய்வகம் போனால் இரவுதான் வருவாள். எனக்குக் கார் ஓட்ட உரிமமும் இல்லை, டாக்ஸிக்குக் கொடுக்க மனசும் இல்லை. ஆகவே டிராம், பஸ், மெட்ரோ, படகு என்று கையில் கிடைத்ததில் எல்லாம் ஏறி இறங்கினோம். ஊர் சுற்றிய கதை என்று நினைத்துக் கேளுங்கள். அதற்குள் வேறு ஒரு விஷயமும் இருக்கிறது. அது கடைசியில் வரும்.

லிஸ்பன் போர்ச்சுகலின் தலைநகரம். தேஜோ என்ற ஆறு அட்லாண்டிக் கடலில் சேருகிற இடத்தில், ஏழு குன்றுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பார்கள். ஏழோ என்னவோ, என் மனைவி முழங்காலைக் கேட்டால் எழுபது என்று சொல்லும். 1755 நவம்பர் 1-ஆம் தேதி வந்த பூகம்பத்தில் ஊர் நாசமாகி, அதன்பின் நடுவில் உள்ள பள்ளத்தை மட்டும் செஸ் பலகை மாதிரி நேர்நேர் தெருக்களாகக் கட்டினார்கள். பாய்ஷா என்று அதற்குப் பெயர். அங்கே நடக்கலாம். அதைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம்தான். இந்த ஊரில் பொதுப் போக்குவரத்து என்பது தூரத்தைக் கடக்க மட்டும் அல்ல, உயரத்தைக் கடக்கவும்தான்.

விமான நிலையத்திலிருந்தே மெட்ரோ உண்டு. 2012-இல் சிவப்பு வழித்தடத்தை அங்கே வரை நீட்டினார்கள். நிலையச் சுவர் முழுக்க அந்த நாட்டு எழுத்தாளர்கள், பாடகர்கள் இவர்களுடைய கேலிச் சித்திரங்கள். நாங்கள் சாவோ செபஸ்தியாவோ என்ற நிலையத்தில் நீல வழித்தடத்துக்கு மாறி, ரெஸ்டவுராடோரஸ் என்ற இடத்தில் இறங்கினோம். படியேறி வெளியே வந்து, "உன் வீடு எங்கம்மா?" என்றேன். மகள் தலையை அண்ணாந்து வானத்தைக் காட்டினாள். அங்கே ஒரு சரிவான சந்து. அதன் அடிவாரத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு பெட்டி நின்றுகொண்டிருந்தது. அதுதான் குளோரியா.

இயந்திரவியல் படித்தவர்களுக்கு அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல ஆசை, மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். 1885-இல் தொடங்கிய இழுவண்டி அது. கிணற்றில் கயிற்றின் இரண்டு முனையிலும் வாளி கட்டினால் ஒன்று இறங்க ஒன்று ஏறும் அல்லவா, அதே தத்துவம். தெருவுக்கு அடியில் ஒரு இரும்பு வடம், உச்சியில் ஒரு பெரிய சக்கரம், வடத்தின் இரு முனையிலும் ஒவ்வொரு பெட்டி. ஆரம்பத்தில் மேலே உள்ள பெட்டியில் தண்ணீர் நிரப்பி அந்த எடையில் ஓட்டினார்கள். பிறகு நீராவி. 1910-களில் மின்சாரம். சரிவு ஏறக்குறைய நூற்றுக்குப் பதினெட்டு. தூரம் முந்நூறு மீட்டர்கூட இல்லை. ஆனால் அந்தத் தூரத்தைச் சாமான்களோடு நடந்து பார்த்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும். முதல் நாள் அந்தப் பெட்டியில் உட்கார்ந்ததும் என் மனைவி சொன்னது: "ஏங்க, நம்ம பழனி விஞ்ச் மாதிரியே இருக்குங்க." அதே குடும்பம்தான்.

மறுநாள் பயணச் சீட்டு விவகாரம். நான் டிக்கெட் புத்தகத்தோடு வாழ்ந்தவன், அதனால் இதில் எனக்கு அக்கறை அதிகம். அரை யூரோ கொடுத்தால் பச்சை நிறத்தில் ஒரு அட்டை கிடைக்கிறது. அதில் பணம் ஏற்றிக்கொண்டு மெட்ரோ, பஸ், டிராம், படகு, புறநகர் ரயில் எதில் ஏறினாலும் கருவியில் காட்டினால் போதும். ஒருவருக்கு ஒரு அட்டை, இரண்டு பேருக்கு ஒன்றே போதும் என்று நம் ஊர் சாமர்த்தியம் அங்கே செல்லாது. உள்ளூர்க்காரர்கள் மாதச் சீட்டு வைத்திருக்கிறார்கள். அதில்தான் பெரிய விஷயம் இருக்கிறது. 2019-க்கு முன் அங்கே ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு பாஸ், ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு விலை. தூரத்தில் வீடு எடுத்த ஏழை மாதம் நூறு யூரோவுக்கு மேல் கொடுத்து வேலைக்கு வந்திருக்கிறான். 2019 ஏப்ரலில் அதையெல்லாம் ஒழித்து, நகருக்குள் 30 யூரோ, நகரத்தையும் சேர்த்து 18 நகராட்சிகளுக்கும் 40 யூரோ என்று ஒரே சீட்டாக்கினார்கள். பன்னிரண்டு வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம். ஊர் எல்லையில் குடியிருப்பவன்தான் பஸ்ஸை அதிகம் நம்பி வாழ்கிறவன், அவனுக்கே அதிகக் கட்டணம் என்கிற அநியாயம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. இதைச் சொன்னால் அரசியல் ஆகிவிடும், விட்டுவிடுகிறேன்.

மொழி? போர்ச்சுகீசியம் ஒன்றும் தெரியாமல் போனோம். போனால், பாதி வீட்டுச் சாமான் நம் பெயரிலேயே இருக்கிறது! ஜன்னல், அலமாரி, மேசை, சாவி, அன்னாசி எல்லாமே அவர்கள் விட்டுவிட்டுப் போன சொற்கள். அவர்கள் ஜனேலா என்கிறார்கள், நாம் ஜன்னல் என்கிறோம். ஆனால் ஒரு சொல் மட்டும் என்னை மானம் வாங்கிவிட்டது. கடைக் கதவுகளில் ஒரு சொல் எழுதியிருக்கும், வாய்விட்டுப் படித்தால் ஏறக்குறைய 'புஷ்' என்று வரும். நானும் பலம் கொண்ட மட்டும் தள்ளினேன். அதற்கு அவர்கள் மொழியில் 'இழு' என்று அர்த்தமாம். உள்ளே இருந்த கடைக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

எல்லாரும் கேட்பது 28-ஆம் எண் டிராமைப் பற்றித்தான். மர உடம்பு, ஒற்றைப் பெட்டி, தண்டவாள அகலம் ஒரு மீட்டர்கூட இல்லை, 900 மில்லிமீட்டர். அல்பாமா என்ற பழைய பேட்டைக்குள் அது நுழையும்போது வீட்டு வாசலில் நிற்பவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பல்சக்கரம், வடம் எதுவும் இல்லாமல், வெறும் சக்கரத்தின் பிடிப்பிலேயே அந்த ஏற்றத்தில் ஏறுவது உண்மையிலேயே பார்க்க வேண்டியது. மார்த்திம் மோனிஸ் என்ற இடத்தில் கிளம்புகிறது, அங்கே உலகமே வரிசையில் நிற்கும். நீங்கள் போனால் மறுமுனையான கம்போ டி ஓரிக்கியிலிருந்து காலையில் சீக்கிரம் ஏறுங்கள், உட்கார இடம் கிடைக்கும். பர்ஸை முன் பாக்கெட்டில் வையுங்கள். அந்த டிராமை நம்பிப் பிழைக்கும் ஜேப்படிக்காரர்கள் நம் திருவிழாக் கூட்டத்தாருக்குச் சளைத்தவர்கள் அல்ல.

ஒருநாள் கிராசா மேட்டில் உட்கார்ந்திருந்தோம். ஒரு பாட்டி, எண்பது வயதிருக்கும், கையில் காய்கறிப் பை. கை காட்டினார், டிராம் நிற்கவில்லை, உள்ளே மூச்சுவிட இடமில்லை, ஜன்னல் முழுக்கக் கேமராக்கள். அடுத்ததும் அப்படியே. மூன்றாவதில்தான் ஏறினார். அவருடைய தெரு, அவருடைய வண்டி. அதற்குப் பிறகு என் மனைவி 28-இல் ஏற மறுத்துவிட்டாள். "நமக்கு வேடிக்கை, அந்தம்மாவுக்கு வீடு" என்றாள். கோட்டைக்குப் போக 737-ஆம் எண் சின்ன பஸ் இருக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால் கீழ்த்தெருவில் நகராட்சி வைத்திருக்கும் லிப்ட் ஒன்றில் இலவசமாக ஏறி, கொஞ்சம் நடந்து, இன்னொரு லிப்டில் ஏறினால் பாதி மலை முடிந்தது. 1902-இல் கட்டிய சாந்தா ஜுஸ்தா என்கிற இரும்புத் தூக்கிக்கு மணிக்கணக்கில் வரிசை நின்றார்கள். பக்கத்திலேயே பாய்ஷா-ஷியாடோ மெட்ரோ நிலையத்துக்குப் பள்ளத்தில் ஒரு வாசல், மேட்டில் ஒரு வாசல். நகரும் படிக்கட்டில் நின்றால் டிக்கெட்டே இல்லாமல் மேலே போய்ச் சேரலாம். இந்த ரகசியம் ஒன்றுக்காகவாவது என் பேச்சைக் கேட்டது வீண் போகாது.

படகையும் சொல்ல வேண்டும். கைஸ் டோ சோட்ரே என்ற துறையிலிருந்து எதிர்க்கரைக் கசிலாஸுக்குப் பத்து நிமிடம். அதே பச்சை அட்டை. சாயங்காலம் வேலை முடிந்து போகும் கூட்டத்தோடு நாங்களும் சும்மா போய்ச் சும்மா திரும்புவோம். தலைக்கு மேற்கே பெரிய தொங்கு பாலம், 1966-இல் கட்டியது. சர்வாதிகாரி சலாசாரின் பெயரில் இருந்தது, 1974 ஏப்ரல் 25 புரட்சிக்குப் பிறகு அந்தத் தேதியையே பெயராக வைத்தார்கள். பாலத்தின் நடுவில் இரும்பு வலைத்தளம் என்பதால் கார் போகும்போது வண்டு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம் நதி முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். 1999 முதல் அதன் கீழ்த்தட்டில் ரயிலும் போகிறது. பாலம் கட்டும்போதே ரயிலுக்கும் சேர்த்துத் திட்டமிட்டிருந்தார்கள் என்று படித்தபோது ஒரு பெருமூச்சு விட்டேன்.

ஏப்ரல் 28-ஆம் தேதிக்கு வருகிறேன். திங்கட்கிழமை. 15-ஆம் எண் டிராமில் பெலேம் போனோம். வாஸ்கோ ட காமா 1497-இல் கப்பலேறிய இடம், அவருடைய கல்லறையும் அங்கேயுள்ள ஜெரோனிமோஸ் மடத்தில்தான். தமிழனுக்கு லிஸ்பனில் வேறொரு சொந்தமும் உண்டு. 1554-இல் அந்த நகரத்தில்தான் தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் வைத்து ஒரு ஞானோபதேசப் புத்தகத்தை அச்சிட்டார்கள். நம் எழுத்திலேயே அச்சாக 1578-இல் கொல்லம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இதையெல்லாம் மனைவியிடம் விளக்கிக்கொண்டே போனால், திங்கட்கிழமை மடத்துக்கு விடுமுறை. திட்டு வாங்கிக்கொண்டு திரும்ப நின்றபோது, பதினொன்றரை மணி இருக்கும், டிராம்கள் நின்ற இடத்திலேயே நின்றன. ஸ்பெயின், போர்ச்சுகல் இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. சிக்னல் இல்லை, மெட்ரோவில் இருந்தவர்களைச் சுரங்கத்திலிருந்து வெளியே கொண்டு வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் போனும் போயிற்று.

பெலேமிலிருந்து நகர நடுவுக்கு ஆறு கிலோமீட்டர். ஆற்றோரமாகவே நடந்தோம். பஸ்கள் பிதுங்கிக்கொண்டு போயின. இரண்டு மணி நேரத்துக்குப் பின் ஒரு டிரைவர் என் மனைவி நொண்டுவதைப் பார்த்து நிறுத்தினார். கருவியில் அட்டையைக் காட்டப் போனேன், வேண்டாம் என்று கையசைத்து உள்ளே போகச் சொன்னார். முப்பத்தைந்து வருடம் இந்தத் தொழிலில் இருந்தவனுக்கு அந்தக் கையசைப்பு எந்த மொழியிலும் புரியும். பாய்ஷாவில் இறங்கினோம். குளோரியா அடிவாரத்தில் பெட்டி கம்மென்று நின்றது. மின்சாரம் இல்லையே! அந்த முந்நூறு மீட்டரை ஏற எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. வழியில் நான்கு இடத்தில் தரையில் உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போய் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்: "அந்த வண்டி இல்லேன்னா இந்த ஊர்ல என்னால ஒரு நாள் இருக்க முடியாதுங்க. மக வீட்டுக்கே வர முடியாது." இரவு விளக்கு வந்தபோது தெருவே கைதட்டியது.

ஜூனில் ஊர் திரும்பினோம்.

செப்டம்பர் 3-ஆம் தேதி இரவு மகள் போன் செய்தாள். "அப்பா, நான் நல்லா இருக்கேன், முதல்ல அதைச் சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தாள். மாலை ஆறு மணி சுமாருக்குக் குளோரியாவின் வடம் மேல் பெட்டியிலிருந்து விடுபட்டுவிட்டது. பெட்டி சரிவில் பாய்ந்து, வளைவில் தடம் புரண்டு, கட்டடத்தில் மோதி நொறுங்கியது. பதினாறு பேர் இறந்தார்கள். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். பிரேக் பிடிக்கும் ஊழியரும் இறந்தவர்களில் ஒருவர். அவர் இரண்டு பிரேக்கையும் போட்டிருக்கிறார். ஆனால் எதிர்ப்பக்க எடை போனபின் அந்த பிரேக்குகளுக்குப் பெட்டியை நிறுத்தும் சக்தி கிடையாது. நகரத்தின் மற்ற மூன்று இழுவண்டிகளையும் உடனே நிறுத்தினார்கள்.

என் மனைவி அன்று சாப்பிடவில்லை. நான் விசாரணைக் குறிப்பைத் தேடிப் படித்தேன், தொழில் புத்தி விடுமா. முதல் குறிப்பு சில நாளிலேயே வந்தது. அந்த வடத்துக்கு 600 நாள் ஆயுள் என்று கணக்கு, 337 நாள்தான் ஓடியிருந்தது. விபத்து நடந்த அன்று காலைகூடப் பார்வையிட்டிருக்கிறார்கள், குறை எதுவும் பதிவாகவில்லை. ஆனால் அறுந்த இடம், வடம் பெட்டியோடு இணையும் இடம், கழற்றிப் பார்த்தால் தவிரக் கண்ணுக்குத் தெரியாது. அக்டோபரில் வந்த இடைக்கால அறிக்கை இன்னும் மோசம். அந்த வடமே மனிதர்களை ஏற்றும் வேலைக்குச் சான்று பெற்றதல்ல. அத்துடன், செய்து முடித்ததாகப் பதிவேட்டில் எழுதிய பராமரிப்பு வேலைகள் எல்லாம் உண்மையில் நடந்ததாகத் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார்கள்.

அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு நான் கம்ப்யூட்டரை மூடிவிட்டேன்.

நண்பர்களே, 1991-இல் மலையடிவாரத்தில் ஒரு டிப்போவில் நான் உதவிப் பொறியாளர். காலை நான்கரைக்கு முதல் வண்டி. ஒவ்வொரு வண்டியையும் குழிக்கு மேல் நிறுத்தி, அடியில் இறங்கி, டார்ச் அடித்து பிரேக் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். ஃபிட்டர் பார்த்தபின் நான் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நாற்பது வண்டி, ஒரே குழி, இரண்டு ஃபிட்டர். ஒரு வண்டி தாமதமானால் மேலே இருந்து திட்டு. ஆகவே எல்லாரும் என்ன செய்வோமோ அதையே நானும் செய்தேன். முதல் நாள் இரவே பதிவேட்டில் நாற்பது கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவேன்.

ஒரு நாள் காலை மலை இறங்கும்போது ஒரு வண்டியில் பின் சக்கர பிரேக் இணைப்பில் ஒரு பின் கழன்றுவிட்டது. அதைப் பிடித்திருக்க வேண்டிய காட்டர் பின், விரல் நீளக் கம்பி, இல்லவே இல்லை. மிச்ச பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டது. டிரைவர் கெட்டிக்காரர், கியரைக் குறைத்து, கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் வண்டியை மலைப்பக்கமாகச் சாய்த்து நிறுத்தினார். ஐம்பத்திரண்டு பயணிகள் உயிரோடு இறங்கினார்கள். படியில் நின்ற கண்டக்டருக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

விசாரணை வந்தது. பதிவேட்டில் என் கையெழுத்து இருந்தது. "பொறியாளர் பார்த்துச் சரியென்று எழுதியிருக்கிறார், அதற்குப் பின் ஃபிட்டர் கவனக்குறைவாக எதையோ கழற்றியிருக்க வேண்டும்" என்று முடித்தார்கள். ஃபிட்டருக்கு ஆறு மாதம் சஸ்பென்ஷன், ஒரு இன்கிரிமென்ட் போயிற்று. என்னைக் காப்பாற்றியது நான் பார்க்காமல் போட்ட கையெழுத்து. நான் வாயைத் திறக்கவில்லை. மகளுக்கு அப்போது வயது ஒன்று. இதை இதுவரை என் மனைவியிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. இப்போது முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு நான் ஒரு வண்டியையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. "லேட் பொறியாளர்" என்று எனக்குப் பட்டப்பெயர் வந்தது. ஆனால் அது அந்த ஃபிட்டருக்கு எந்த விதத்திலும் ஈடு இல்லை.

நவம்பர் மாதம் அவரைத் தேடிப் போனேன். மகன் வீட்டில் இருக்கிறார், எழுபத்தைந்து வயது. திண்ணையில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார். லிஸ்பன் கதையை முழுசாகச் சொன்னேன், வடம், 337 நாள், பதிவேடு எல்லாம். பிறகு, "அண்ணே, அன்னைக்கு நான் குழியில இறங்கவே இல்லை" என்றேன்.

"தெரியும் சார்" என்றார். "நானும் இறங்கல. டார்ச்சுல பேட்டரி இல்ல. இண்டென்ட் போட்டு மூணு மாசம் ஆச்சு."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவர்தான் கேட்டார்: "அந்த ஊர்ல அடியில போய்ப் பாக்கறவனுக்கு டார்ச் குடுத்திருந்தாங்களா சார்?"

எனக்குத் தெரியவில்லை. அறிக்கையில் அது இல்லை. முழு அறிக்கை வந்தால் படித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாணவர்களில் யாருக்காவது அந்த இடைக்கால அறிக்கை வேண்டுமென்றால் என்னிடம் பிரதி இருக்கிறது, ஆங்கிலத்தில் சுருக்கமும் உண்டு. மகள் இப்போது ஷியாடோ வரை மெட்ரோ படிக்கட்டில் ஏறி, அங்கிருந்து வீட்டுக்கு நடந்து போகிறாளாம். இருபது நிமிடம் அதிகம். வருகிற வருடம் என் மனைவி அங்கே போவதா வேண்டாமா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பந்தியில் வடை ஆறிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.